ஓதம்

வாடகை வீட்டைக் காலி செய்யும் நாளில் வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் கடைசியாகச் சேர்ந்து நிற்பது ஏதாவதொரு சுவரின் முன்னால்தான். சாமான்கள் வண்டியில் ஏறியாகிவிட்டது. சாவி இன்னும் கைமாறவில்லை. பீரோ நின்ற இடத்தில், கட்டிலின் தலைமாட்டில், சமையலறைத் தொட்டிக்குக் கீழே, அதுவரை மறைந்திருந்த ஒரு கறை தெரியவருகிறது. காரை பொரிந்து உதிர்ந்திருக்கிறது. ஒருவர் அதில் செலவைப் பார்க்கிறார். மற்றவர் தன் அட்வான்ஸ் குறைவதைப் பார்க்கிறார். சுவர் என்ற வஸ்துவை, அது ஏன் அப்படி ஆயிற்று என்பதை, இரண்டு பேரும் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் பார்க்கவும் முடியாது.

இதெல்லாம் இந்தப் பக்கங்களில் எழுதக்கூடிய விஷயமா என்று கேட்கலாம். நம்மில் பெரும்பாலோர் வாடகை வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறோம் என்பது ஒரு பதில். அது போதாது. வாடகை வீட்டில் இருந்துகொண்டுதான் பல் தேய்க்கிறோம், அதற்காகப் பல்பொடியைப் பற்றிக் கட்டுரை எழுதுவதில்லை. எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் வேறு. ஓதமேறிய சுவரைப் பற்றிய வழக்கு அடிப்படையில் ஒரு வாக்கியத்தைப் பற்றிய வழக்கு என்று எனக்குப் படுகிறது.

ஓதம் என்ற சொல்லுக்கு அகராதியில் ஈரம், வெள்ளம், அலை, கடல் எனப் பல அர்த்தங்கள் உண்டு. ஒரு வீக்க நோய்க்கும் அதே பெயர். கொத்தனார்கள் சுவரில் ஏறும் ஈரத்துக்குச் சொல்கிறார்கள். கடலும் சமையலறைச் சுவரும் ஒரே சொல்லுக்குள் இருப்பதற்கு ஒரு நியாயம் தெரிகிறது. இவை எல்லாமே யாரும் செய்யாமல் தாமாக நிகழ்பவை. அலை அடிக்கிறது, வெள்ளம் ஏறுகிறது, சுவர் நனைகிறது. எல்லாம் தன்வினை. (ஈரத்துக்கு அன்பு என்றும் பொருள் உண்டு, எனவே சுவரில் ஈரம், நெஞ்சில் ஈரமில்லை என்று ஒரு சிலேடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதைப் பட்டிமன்றக்காரர்களுக்கு விட்டுவிடுகிறேன்.)

ஆனால் அட்வான்ஸில் பிடித்தம் செய்ய வேண்டுமென்றால் தன்வினை உதவாது. 'சுவர் நனைந்தது' என்பதற்கு யாரிடமும் பணம் கேட்க முடியாது. 'சுவரை நனைத்தாய்' என்றால் கேட்கலாம். காரை உதிர்ந்தது, காரையை உதிர்த்தாய். கதவு கெட்டது, கதவைக் கெடுத்தாய். வீடு காலி செய்யும் நாளில் நடக்கும் வாக்குவாதம் முழுவதும் இந்த இலக்கண மாற்றம்தான். தன்வினையைப் பிறவினை ஆக்க வேண்டும். பிறவினைக்கு ஒரு எழுவாய் வேண்டும். அந்த இடத்தில் யார் பணம் யார் கையில் இருக்கிறதோ அதைப் பொறுத்து எழுவாய் தீர்மானமாகிறது.

பணம் எப்போதும் வீட்டுக்காரர் கையில்தான். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது மழைக்காலம், வெயில்காலம் போல இயற்கை நியதியாகப் பேசப்படுகிறது. 1960-ஆம் வருஷத்துக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றுதான் சொன்னது. அந்தச் சட்டம் அமலில் இருந்தபோதே பத்து மாதம் ஊர் வழக்கமாயிற்று. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 அன்று அமலுக்கு வந்த புதிய சட்டம் மூன்று மாதம் என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. வீடு தேடி அலைகிறவன் எந்த ஒப்பந்தத்துக்குத்தான் மாட்டேன் என்பான்? காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடித்தனக்காரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. கழித்துக்கொண்டு என்ற அந்த ஒரு சொல்லுக்குள் ஓதம் முழுவதும் வந்து அடங்கிவிடுகிறது.

நான் மேற்கு மாம்பலத்தில் ஒரு கீழ்ப் போர்ஷனில் 2012 ஜூனிலிருந்து 2019 மே வரை குடியிருந்தேன். வாடகை ஒன்பதாயிரத்தில் ஆரம்பித்துப் பதின்மூன்றாயிரத்தில் முடிந்தது. அட்வான்ஸ் 90,000 ரூபாய். வீட்டுக்காரர் மாடியில் இருந்தார். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷர் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. நல்ல மனுஷராக இருந்தும் இந்த விவகாரம் இப்படித்தான் நடந்தது என்பதுதான் விஷயம்.

வீடு பார்க்கிற மாதம் ஏப்ரல், மே. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் குடிபோக வேண்டும் என்று ஊரே அப்போதுதான் வீடு மாறுகிறது. சுவர்கள் எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கும். புதிதாகப் பெயிண்ட் வேறு. ஒப்பந்தத்தில் 'வீட்டை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டு' என்று அச்சடித்தாற்போல் ஒரு வரி இருக்கும். எழுதித் தருகிறவர் அதை வாசிப்பதுகூட இல்லை, கை தானாக எழுதிவிடும். ஓதம் தெரிகிற மாதம் நவம்பர். வடகிழக்குப் பருவமழை இரண்டு தடவை கொட்டிய பிறகுதான் சுவர் தன் நிஜமான நிலையைச் சொல்லும். கையெழுத்துக்கும் அந்த வாக்குமூலத்துக்கும் இடையில் ஆறு மாதம். அதற்குள் 'நல்ல நிலை' என்பது முத்திரைத் தாளில் ஏறி சாஸ்வதமாகிவிடுகிறது.

2012 நவம்பரில் கூடத்தின் வடக்குச் சுவரில் இரண்டடி உயரத்துக்குக் கறை ஏறியது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையை வைத்துப் பார்த்தார். "கீழ் வீடுன்னா அப்படித்தான் சார் இருக்கும். பழைய கட்டடம். மழை நின்னா காஞ்சிடும்" என்றார். அவர் சொன்னது சரி. மழை நின்றது, காய்ந்தது. காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. துடைத்தால் பெயிண்டும் கூடவே வந்தது. இங்கே கவனிக்க வேண்டியது அவருடைய வாக்கியம். இருக்கும், காஞ்சிடும். அன்றைக்கு அது தன்வினையாக இருந்தது.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் தெருவே வீட்டுக்குள் வந்தது. முழங்கால் அளவுத் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. நாங்கள் மாடியில் அவர் வீட்டில்தான் தங்கினோம். அவர் மனைவி எங்களுக்குச் சோறு போட்டார். தண்ணீர் வடிந்த பிறகு சுவர் பழைய சுவராக ஆகவேயில்லை. 2016 கோடையில் அவரே ஒரு கொத்தனாரை அழைத்து வந்தார். கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்தார், கரணையால் கொஞ்சம் சுரண்டினார். பிறகு எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார்: "இது மேலேர்ந்து வர்ற தண்ணி இல்லீங்க. கீழேர்ந்து ஏறுது. டி.பி.சி. போடாத கட்டடம். மேல என்ன பூசினாலும் தள்ளிடும்."

டி.பி.சி. என்பது அடித்தளத்துக்கும் அதன்மேல் எழும் சுவருக்கும் நடுவே போடும் ஒரு தடுப்புப் பூச்சு. அது இல்லாவிட்டால், அல்லது இருந்தும் கெட்டுப்போயிருந்தால், செங்கலும் சாந்தும் மண்ணிலுள்ள நீரை விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் இழுத்துக்கொள்ளும். பெரும்பாலும் இடுப்பளவு ஏறும். நீரோடு மண்ணின் உப்பும் ஏறும். சுவரின் மேற்பரப்பில் நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் தங்கிப் படிகமாகப் பெருகிக் காரையை உள்ளிருந்து வெளியே தள்ளும். பழைய சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்டும் எனாமல் பெயிண்டும் அதன் வாயை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் போகிற வழி தேடி இன்னும் உயரத்துக்கு ஏறும். எங்கள் விஷயத்தில் இது அட்சரம் பிசகாமல் நடந்தது. கொத்தனார் சொல்லியும் வீட்டுக்காரர் இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசினார், செலவு குறைவு என்று. அடுத்த நவம்பரில் சிமெண்டுக்கு மேலே, மார்பளவில், கறை மறுபடி வந்தது.

2019 மே மாதம் காலி செய்தபோது அவர் ஒரு தாளில் கணக்கு எழுதிக் கொடுத்தார். பெயிண்டுக்கு 22,000. காரை பெயர்த்துப் பூச 11,000. அடிப்பாகம் உப்பிப்போன குளியலறைக் கதவுக்கு 5,000. ஆக 38,000 போக மீதி 52,000, இரண்டு தவணையில். நான் வடக்குச் சுவரைக் காட்டி, கொத்தனார் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார்: "அதுவும் உண்டு சார். ஆனா நீங்க தண்ணி ஜாஸ்தி புழங்கறீங்க. நாலு பேர். தினமும் துணி. உள்ளேயே உலர்த்தறீங்க. சுவர் என்ன பண்ணும்?"

ஏழு வருஷத்தில் இலக்கணம் மாறிவிட்டது. 2012-இல் சுவர் தானாக நனைந்தது. 2019-இல் நாங்கள் நனைத்தோம்.

புழங்குதல் என்பது தமிழில் எனக்குப் பிடித்த சொற்களில் ஒன்று. ஒரு இடத்தில் பழகி, நடமாடி, அதிலுள்ளவற்றைக் கையாண்டு வாழ்வதை ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. புழங்காத வீடு பாழாகும் என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. பூட்டிக்கிடக்கும் வீட்டில்தான் கரையான் வரும், காற்றில்லாமல் பூசணம் பிடிக்கும், ஓட்டில் ஒழுகுவது யாருக்கும் தெரியாமல் உத்தரம் உளுக்கும். ஆள் இருந்தால் ஜன்னல் திறக்கும், பெருக்கித் துடைப்பார்கள், ஒழுகினால் சத்தம் போடுவார்கள். குடித்தனம் என்பது ஒரு வகையில் வீட்டுக்குச் செய்யும் பராமரிப்பு. அந்தச் சொல்லையே குற்றப்பத்திரிகையின் முதல் வார்த்தையாகக் கேட்டபோதுதான் எனக்கு இந்த விவகாரத்தின் வேர் தெரிந்த மாதிரி இருந்தது. குடியிருப்பதற்கு வாடகை கொடுத்தோம். குடியிருந்ததற்கு அபராதமும் கொடுக்கிறோம்.

சட்டத்துக்கு இது தெரியாமல் இல்லை. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டம், வீட்டை வாங்கிய நிலையில் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லும்போதே, நியாயமான தேய்மானத்துக்கும் தடுக்க முடியாத சக்தியால் வரும் மாறுதலுக்கும் விலக்குக் கொடுத்திருக்கிறது. காலம் என்று ஒன்று இருக்கிறது, அது யார் பேரிலும் எழுதப்படக் கூடாது என்று சட்டம் ஒப்புக்கொள்கிற இடம் இது. பழுது பார்க்கச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தும் வீட்டுக்காரர் நியாயமான காலத்துக்குள் பார்க்காவிட்டால், குடித்தனக்காரரே பார்த்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. எத்தனை பேர் கழித்திருக்கிறார்கள்? புதிய சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வேலையைப் பங்கு பிரித்திருக்கிறது. கட்டுமானப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது வீட்டுக்காரருக்கு. குழாயின் வாஷர் மாற்றுவது, வடிகால் சுத்தம் செய்வது குடித்தனக்காரருக்கு. சுவருக்குள் ஓடும் குழாய் அவருடையது, அதன் நுனியிலுள்ள ரப்பர் வளையம் என்னுடையது. சுவரை நனைத்த தண்ணீர் குழாயிலிருந்து வந்ததா வாஷரிலிருந்து வந்ததா என்று தண்ணீரைத்தான் கேட்க வேண்டும்.

சட்டம் பேச நான் போகவில்லை. ஒரு வக்கீல் நண்பர் போகலாம் என்றார். 38,000 ரூபாய்க்கு எத்தனை நாள் லீவு போடுவது என்ற கணக்கு ஒரு காரணம். வெள்ளத்தில் சோறு போட்ட கை இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் அவர் என்னிடம் காட்டிய ஒரு நோட்டுப் புத்தகம். இந்த வீட்டைக் கட்டுவதற்கு முன் அவர் பதினோரு வீடுகளில் குடித்தனம் இருந்தவர். ஒவ்வொரு வீட்டிலும் அட்வான்ஸ் எவ்வளவு, பிடித்தது எவ்வளவு, எதற்காக என்று எழுதி வைத்திருந்தார். 1978-இல் வெள்ளையடிக்க 60 ரூபாய். 1983-இல் சமையலறைச் சுவரில் கரி, 150 ரூபாய். "எல்லாரும் பிடிச்சாங்க சார்" என்றார். அதைத் தன் நியாயத்துக்குச் சாட்சியாகத்தான் காட்டினார். எனக்கு அது வேறு எதற்கோ சாட்சியாகப் பட்டது. இருபது வருஷம் எழுவாயாக நிறுத்தப்பட்டவர், கடைசியில் எழுவாயைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

அவர் கையிலும் பணம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். என் 90,000 ரூபாய் 2013-இல் அவர் மகள் கல்யாணத்தில் கரைந்துவிட்டது. அடுத்து வருகிறவர் கொடுக்கும் அட்வான்ஸிலிருந்துதான் எனக்குத் திருப்பித் தர முடியும். அதனால்தான் இரண்டு தவணை. சென்னையில் அட்வான்ஸ் என்பது பெரும்பாலும் எங்கும் தங்காத பணம். ஒருவன் கொடுத்ததை முன்னால் போனவன் வாங்கிக்கொண்டு போகிறான். இந்தச் சங்கிலியில் சுவருக்கான செலவு மட்டும் யார் பங்கிலும் இல்லை. டி.பி.சி. இல்லாமல் கட்டிய நாளில் மிச்சம் பிடித்த பணத்தை, வரிசையாக வந்த குடித்தனக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தக் கடன் தீராது. ஏனென்றால் பிடித்த பணம் பெயிண்டுக்குப் போகிறது, பெயிண்ட் அடுத்த நவம்பர் வரை இருக்கிறது.

கடைசித் தவணை கொடுத்தபோது ரசீது கேட்டார். 'ஏழு வருஷம் குடியிருந்ததற்காக 38,000 ரூபாய் பிடித்தம் போக மீதியைப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "இப்படி எழுதினா தப்பா இருக்கே சார். குடியிருந்ததுக்குத்தான் வாடகை வாங்கினேனே" என்றார். "அப்போ இது எதுக்கு சார்?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, 'பழுதுக்காக' என்று மாற்றித் தரச் சொன்னார். மாற்றிக் கொடுத்தேன். யார் செய்த பழுது என்று அவரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. எங்களுக்குள் எட்டிய ஒரே சமரசம் அந்த எழுவாய் இல்லாத சொல்தான்.

என் தரப்பிலும் ஒரு நஷ்டம் இருந்தது. அந்த வடக்குச் சுவரையொட்டி நின்ற அலமாரியில் முப்பது வருஷமாகச் சேர்த்த சிறுபத்திரிகைகள் இருந்தன. செல்லப்பாவின் 'எழுத்து' இதழ்கள் சிலவும் அதில் உண்டு. வெள்ளம் அவற்றைத் தொடவில்லை, மேல் தட்டில் இருந்தன. சிமெண்டுக்கு மேலே ஏறிய ஓதம் தொட்டது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. பிரித்தால் ஒரு பக்கத்தின் எழுத்து அடுத்த பக்கத்தின் முதுகில் வருகிறது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது? பிடித்துக்கொள்வதற்கு வீட்டுக்காரருடைய அட்வான்ஸ் என்னிடம் இல்லை. இந்த உறவில் ஒருவர் மட்டுமே முன்கூட்டி ஜாமீன் கட்டியிருக்கிறார். ஜாமீன் கட்டியவர்தான் சந்தேகத்துக்குரியவர் என்பது எங்கும் உள்ள நியதி.

எழுவாய் மாறும் இந்த விவகாரம் நம் ஊர்க் குணம் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 2007 ஏப்ரலிலிருந்து அட்வான்ஸை அங்கீகரிக்கப்பட்ட ஒரு திட்டத்தின் பாதுகாப்பில் வைக்க வேண்டும் என்று சட்டம். தகராறு வந்தால் நடுநிலையாளர் ஒருவர் ஆதாரங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார். பிடித்தம் நியாயம் என்று நிரூபிக்க வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. நிரூபிக்கும் வரை அது குடித்தனக்காரரின் பணம். இலக்கணம் அங்கே பணத்தின் பக்கம் சாயாமல் இருக்க ஒரு ஏற்பாடு உண்டு என்று சொல்லலாம். ஆனால் அதே நாட்டில், அட்வான்ஸ் பிரச்னையே இல்லாத சமூகக் குடியிருப்பு ஒன்றில், ராச்டேல் ஊரில், 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வீட்டுச் சுவரின் பூசணத்தை நீண்ட நாள் சுவாசித்ததுதான் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். குழந்தையின் தகப்பனார் 2017-லேயே புகார் செய்திருந்தார். மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளும்படி பதில் வந்தது. பழி குடும்பத்தின் 'வாழ்க்கைமுறை' மீது போடப்பட்டது. இதுபோன்ற பதில்கள் பெருகியதைக் கண்டுதான் அங்குள்ள வீட்டுவசதிக் குறைதீர்ப்பாளர் 2021-இல் வெளியிட்ட அறிக்கைக்கு, 'இது வாழ்க்கைமுறை அல்ல' என்று பொருள்படும் தலைப்பையே வைத்திருந்தார். 2023-இல் குழந்தையின் பெயரால் அறியப்படும் சட்டம் வந்தது.

வாழ்க்கைமுறை என்று அங்கே சொன்னதைத்தான் என் வீட்டுக்காரர் புழங்கறீங்க என்று சொன்னார். ஒரு வித்தியாசம் உண்டு. குளிர் நாட்டில் சமையல் ஆவியும் மூச்சுக் காற்றும் சில்லிட்ட சுவரில் பட்டு நீராகும், அதனால் அந்தப் பழிக்கு அரைகுறையாகவாவது ஒரு பௌதிகம் இருக்கிறது. சென்னைச் சுவர் சில்லிடுவதில்லை. இங்கே ஈரம் மண்ணிலிருந்தும் மழையிலிருந்தும் குழாயிலிருந்தும்தான் வருகிறது. பௌதிகமே இல்லாமல் இதே பழி இங்கும் அப்படியே சொல்லப்படுகிறது என்றால், அதன் பிறப்பிடம் பௌதிகமல்ல என்று தெரிகிறது.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். வராத தண்ணீரைப் பற்றித் தமிழில் அசோகமித்திரனின் 'தண்ணீர்' இருக்கிறது. வாடகைப் போர்ஷனும் வீட்டுக்காரியும் பம்பும் அதில் பாத்திரங்களாகவே ஆகிவிடுகின்றன. அதற்கு இணையாக, வேண்டாமல் வந்த தண்ணீரைப் பற்றி, சுவர் வழியாக வருவதைப் பற்றி எழுதியதாக நான் வாசித்ததில்லை. கவிதைகளில் ஓதமேறிய சுவர் வருகிறது. ஆனால் அது எப்போதும் கவிஞனின் மனம். கறை தனிமை, பொரிந்த காரை அந்நியமாதல், பூசணம் மத்தியதர வாழ்வின் அழுகல். கவிஞ நண்பர் ஒருவரிடம் என் வடக்குச் சுவரைக் காட்டியபோது, "இது அசலான படிமம்" என்றார். எனக்கு அந்த நிமிஷம் வீட்டுக்காரரின் குரல் கேட்டது. சுவர் நனைந்ததற்கு என் ஈரத்துணி காரணம் என்பதற்கும், நனைந்த சுவர் என் மனதின் உருவம் என்பதற்கும் எவ்வளவு தூரம்? இரண்டிலும் எழுவாய் நான்தான். இரண்டிலும் மண்ணும் உப்பும், தடுப்பு போடாமல் கட்டியவனின் சிக்கனமும் பார்வையிலிருந்து நழுவிவிடுகின்றன. சுவரில் ஈரம் இருந்தால் அதன் முதல் அர்த்தம் மண்ணில் ஈரம் இருக்கிறது என்பதுதான். அந்த முதல் அர்த்தத்தைச் சொல்லாமல் இரண்டாவதற்குத் தாவுகிற கவிதை, ஆதாரம் பார்க்காமல் பிடித்தம் செய்கிற கணக்குதான். நான் படிமத்துக்கு எதிரி இல்லை. அதற்கும் ஒரு கொத்தனார் வந்து முதலில் தட்டிப் பார்க்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது இருக்கும் வீடும் கீழ்ப் போர்ஷன்தான். 2019-இல் இந்த வீட்டுக்கு ஒப்பந்தம் எழுதும்போது, 'நல்ல நிலையில்' என்ற வரிக்குப் பதிலாக, வடக்குச் சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு ஓதத்தின் தடம் உள்ளது என்று எழுதக் கேட்டேன். புதுப் பெயிண்டுக்குக் கீழே கைவைத்துத் தடவினால் உப்பின் சொரசொரப்புத் தெரிந்தது. வீட்டுக்கார அம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. "இதையெல்லாம் எழுதிட்டா நாளைக்கு வீட்டை விக்கறப்போ யாரு சார் வாங்குவா?" என்றார். அதுவும் நியாயமான பயம்தான். பத்திரத்தில் வேண்டாம், தனித்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடலாம் என்று முடிவாயிற்று. அந்தத் தாளில் தேதி, சுவர், உயரம் மூன்றும் இருக்கின்றன. யார் நனைத்தார் என்பது இல்லை. வருஷா வருஷம் நவம்பர் கடைசியில் அந்த அம்மாளைக் கீழே அழைத்து, அவர் எதிரிலேயே பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தாளில் குறித்துக்கொள்கிறேன். போன நவம்பரில் இரண்டேகால் அடி.